கடைசிப் பெயர்

மென்பொருள் துறையில் புழங்கும் உருவகங்களுள் மிக அதிகமாகக் கையாளப்பட்டு, மிக விரைவாகத் தேய்ந்துபோனது 'தொழில்நுட்பக் கடன்' என்பதாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் எழுதிய நிரல், சோதிக்காமல் வெளியிட்ட பகுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட ஒழுங்குபடுத்தல் எல்லாவற்றுக்கும் இன்று அந்த ஒரே பெயர். கூட்டங்களில் மேலாளர்கள் அதை உச்சரிக்கும் தொனியைக் கேட்டால் மளிகைக் கடைப் பாக்கியைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்: இருக்கிறது, இருக்கத்தான் செய்யும், அடுத்த மாதம் பார்ப்போம்.

சொல் பிறந்தபோது அதன் பொருள் இதுவல்ல. 1992இல் ஆப்ஸ்லா மாநாட்டில் வார்டு கன்னிங்ஹாம் ஓர் அனுபவ அறிக்கை வாசித்தார். வைகேஷ் என்ற நிதி முதலீட்டு மேலாண்மை மென்பொருளை ஸ்மால்டாக் மொழியில் எழுதிய அனுபவம் அது. (முதல் விக்கியை 1995இல் உருவாக்கியவரும் இவரே; தமிழ் விக்கிப்பீடியாவில் உழைக்கும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.) முதன்முதலாக எழுதிய நிரலை வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது, விரைவில் திருப்பி எழுதிவிட்டால் சிறு கடன் நன்மையே செய்யும், திருப்பாமல் விட்டால் சரியாக அமையாத நிரலின்மீது செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வட்டியாகும் என்றார். நிதித்துறையினரோடு பழகியவர் நிதித்துறைச் சொல்லிலேயே விளக்கினார், அவ்வளவுதான். ஆனால் பிற்காலத்தில் இந்த உருவகம் எப்படித் திரிந்தது என்று கண்டு, 2009இல் ஒரு காணொளியில் தம் கருத்தைத் தெளிவுபடுத்தினார். மோசமான நிரலை எழுதலாம் என்று தாம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அதன் சாரம். அவர் சொன்ன கடன் புரிதலில் இருக்கிறது. ஒரு துறையைப் பற்றி நாம் முதலில் கொண்ட புரிதலுக்கும், பிறகு அடைந்த புரிதலுக்கும் இடையே விழும் இடைவெளிதான் அது. நிரல் பழைய புரிதலிலேயே நின்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் அந்த முரண்பாட்டில் கால் இடறியபடியே நடக்க வேண்டியிருக்கும்.

அதாவது கடன் சொற்களில் இருக்கிறது. எந்தப் பொருளை என்ன பெயரால் அழைத்தோம், எதையும் எதையும் ஒன்று என்று கருதினோம், எதையும் எதையும் வேறு என்று பிரித்தோம் என்பதில் இருக்கிறது. இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல என்பதால்தான் இங்கே எழுதத் துணிகிறோம். தமிழில் கடன் என்ற சொல்லுக்கு வாங்கிய பணம் என்பதோடு செய்ய வேண்டியது என்ற பொருளும் உண்டு. நீத்தார் கடன் என்கிறோம், காலைக் கடன் என்கிறோம். கன்னிங்ஹாம் சொல்ல விரும்பியதற்கு ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் நெருக்கமாக இருப்பதாக எங்களில் சிலர் வாதிடுவோம்; மற்றவர்கள் இதெல்லாம் சொல்விளையாட்டு என்பார்கள்.

நாங்கள் என்பது ஒரு தமிழகத்து மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் சிறு குழு. மென்பொருளை முதலில் எழுதியவர்கள் வேறொரு நிறுவனத்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது அவர்களில் ஒருவரும் தொடர்பில் இல்லை. இந்த நிலைமையைப் பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நார் 1985இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நிரல் என்பது தாளில் உள்ள எழுத்து அல்ல, அதை எழுதியவர்கள் மனத்தில் கட்டியெழுப்பிய கோட்பாடு என்பது அவர் வாதம். ஒரு குழு எழுதிய மொழிமாற்றி நிரலை இன்னொரு குழு விரிவாக்க முற்பட்டபோது, ஆவணங்கள் முழுமையாக இருந்தும், மூலத்தை எழுதியவர்களின் ஆலோசனை கிடைத்தும், புதியவர்கள் முன்வைத்த தீர்வுகள் அதன் கட்டமைப்பையே குலைப்பவையாக இருந்தன என்று அவர் விவரிக்கிறார். கோட்பாட்டைச் சுமந்தவர்கள் கலைந்துபோனால் நிரல் இறந்துவிட்டது என்கிறார் நார். ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இறந்தது. எங்களிடம் வந்தது அப்படியொரு பிரேதம்தான். ஆயினும் அதன் உள்ளே ஒரு கோட்பாடு இருந்ததைப் படிக்க முடிந்தது. அது தமிழ்நாட்டைப் பார்த்து உருவான கோட்பாடு அல்ல என்பதும் விரைவில் புலப்பட்டது.

நோயாளி என்ற அட்டவணையில் மூன்று புலங்கள்: முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். முதலாவதும் மூன்றாவதும் கட்டாயம். சிவப்பு நட்சத்திரக் குறி போட்டிருக்கும். நிரப்பாவிட்டால் திரை நகராது. நடுப்பெயருக்கு ஓர் எழுத்து இடம் மட்டும்.

பதிவு மேசையில் அப்போது ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். மருத்துவமனை முழுவதும் அவரை அக்கா என்றே அழைத்தது, நாங்களும் அப்படியே அழைத்தோம். முதல் வாரத்தில் அவர் அருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முருகன் என்று ஒருவர் வந்தால் முதற்பெயரில் முருகன், கடைசிப் பெயரில் தகப்பனார் பெயர். தகப்பனார் பெயரைச் சொல்லத் தயங்கினால் தலைப்பெழுத்து. அதுவும் இல்லை என்றால் ஒரு புள்ளி. மணமான பெண்ணுக்குக் கணவர் பெயர். கணவரோடு வராமல் தாயோடு வந்திருந்தால் அப்பா பெயர். வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டும் படிவத்தில் உள்ளபடி. ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊர்களுக்கென்று தனி ஏற்பாடு: வீட்டுத் தொலைபேசியின் இணைப்பு எண்ணுக்கென்று விட்டிருந்த புலத்தில் ஊர்ப் பெயரின் சுருக்கத்தைப் போட்டுவிடுவார். அந்தப் புலம் ஏன் எண்ணல்லாததை ஏற்றுக்கொண்டது என்பது மூலத்தை எழுதியவர்களுக்கே வெளிச்சம். கட்டாயப் புலத்தைப் பற்றிக் கேட்டபோது அக்கா சொன்னார்: "அந்தக் கட்டத்துல என்ன போட்டாலும் ஏத்துக்கும் தம்பி. சும்மா விட்டாத்தான் ஏத்துக்காது."

இந்த வாக்கியத்தைத் துறைசார் மாதிரியாக்கம் பற்றிய நூல்கள் பலவற்றுக்கு மேலாக மதிக்கிறோம். கணினி உண்மையைக் கேட்கவில்லை, நிரப்புதலைக் கேட்கிறது. மனிதர்கள் நிரப்பிக் கொடுக்கிறார்கள். நிரப்பியதை அது உண்மை என்று எடுத்துக்கொண்டு அறிக்கை அச்சிடுகிறது.

வட்டியை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வியும் அங்கேதான் எழுந்தது. கடன் உருவகத்தில் வாங்கியவனே வட்டி கட்டுவான் என்ற எடுகோள் ஒளிந்திருக்கிறது. மென்பொருளில் அப்படி நடப்பது அரிது. வாங்கியவர்கள் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார்கள். வட்டி கட்டியவர் அக்கா. காலை 8 மணிக்கு வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் கூடுதலாக இரண்டு கேள்விகள் கேட்டுக் கட்டினார். அந்த வட்டி எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. மேலாளர்கள் பார்க்கும் எந்த வரைபடத்திலும் வரவில்லை. அக்கா விடுப்பில் போன நாள்களில் மட்டும் அது வெளியே தெரிந்தது. புதிதாக அமர்ந்த பெண் ஒரே ஆளுக்கு மூன்று பதிவுகள் போட்டுவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

கடைசிப் பெயர் என்ற புலத்துக்குப் பின்னால் ஒரு நிலப்பகுதியின் பழக்கம் இருக்கிறது. அது ஐரோப்பா முழுமைக்கும்கூடப் பொருந்துவதல்ல. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேரும். தொலைபேசிப் புத்தகத்தையே முதற்பெயரின் அகர வரிசையில்தான் அமைத்தார்கள். ஸ்பெயினில் குடும்பப் பெயர்கள் இரண்டு. ஹங்கேரியில் குடும்பப் பெயர் முதலில் வரும், ஆகவே 'கடைசி' என்ற சொல்லே பொய். இவற்றையெல்லாம் நிரலாளர்கள் அவ்வப்போது பட்டியல் போட்டு வியப்பதுண்டு. வியந்துவிட்டு அடுத்த திட்டத்தில் மறுபடி முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு புலங்களை வைத்து, நட்சத்திரக் குறியையும் போடுவார்கள்.

தமிழகத்தில் அந்தப் புலம் வெறுமையாக இருப்பதற்கு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஒரு மாநாட்டுத் தீர்மானத்தால் மட்டும் ஒரு சமூகத்தின் பெயரிடும் வழக்கம் மாறிவிடாது. முன்னும் பின்னும் பல காரணங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதும் வழக்கம் அதற்கு முன்பே இங்கே உண்டு. ஆனாலும் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் நிற்பது இங்கே மறதியோ குறைபாடோ அல்ல, பலர் வேண்டுமென்றே விட்ட இடம். அந்த இடத்தின் மேல் ஒரு சிவப்பு நட்சத்திரத்தை வைத்து, இதை நிரப்பாமல் மருத்துவரைப் பார்க்க முடியாது என்று சொல்வது வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று எங்களால் எண்ண முடியவில்லை. அப்பாவின் பெயரை எழுதி நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்பது உண்மை. ஆனால் வேறொரு ஊரிலிருந்து வந்த ஒரு முதியவர், மேசையில் இருந்தவர் 'கடைசிப் பெயர் என்ன?' என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "சாதியா கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டதை நாங்கள் கேட்டோம். அக்கா உடனே, "இல்லைங்கய்யா, அப்பா பேரு" என்றார். படிவத்தில் அப்படியில்லை, அக்கா அந்தக் கணத்தில் படிவத்தைத் திருத்தினார்.

கடல் தாண்டினால் இதே புலம் வேறு வேடம் போடுகிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசா வழங்கும்போது, அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். வங்கியிலும் பல் மருத்துவரிடமும் அந்த மூன்றெழுத்தாலேயே அழைக்கப்பட்டு, கடைசியில் அதைத் தம் பெயர்போல ஏற்றுக்கொண்டுவிட்ட நண்பர்கள் எங்களுக்கு உண்டு. தெரியாது என்பது ஒருவரின் பெயராகிவிட்டது. நகைச்சுவைதான்.

மருத்துவமனையில் அது நகைச்சுவையாக நிற்பதில்லை. ஓர் இளம்பெண் மணமாவதற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தோடு எங்கள் அட்டவணையில் பதிவாகியிருந்தார். பென்சிலின் ஊசிக்குப் பிறகு உடல் தடித்து மூச்சுத் திணறியது அந்தப் பதிவில் ஒவ்வாமை என்ற தலைப்பில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மகப்பேற்றுக்கு வந்தபோது கணவர் பெயர் கடைசிப் பெயராயிற்று. தொலைபேசி எண் வேறு, முகவரி வேறு, பெயரும் வேறு. மென்பொருளின் கண்ணில் அவர் புதிய ஆள். புதிய பதிவில் ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. யாரும் கேட்டு எழுதியதல்ல; புதிய பதிவு திறந்தால் தானாக வரும் தொடக்க மதிப்பு அது. செவிலியர் வழக்கப்படி வாய்மொழியாகக் கேட்டதால் ஒன்றும் நேரவில்லை. அவர் கேட்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. எழுந்து போய்த் தேநீர் குடித்தோம்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. ஒன்று, ஆளையும் ஆளின் பெயரையும் ஒரே வரிசையில் போட்டு, பெயர் மாறினால் ஆளே மாறிவிட்டதாகக் கொண்டது. மற்றது இன்னும் நுட்பமானது: ஒவ்வாமை இல்லை என்பதும், ஒவ்வாமை உண்டா என்று தெரியாது என்பதும் அங்கே ஒரே சொல். இல்லை என்பதற்கும் தெரியாது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தருக்க நூலார் எத்தனை காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்! ஒரு தொடக்க மதிப்பு அதை ஒரு வரியில் அழித்துவிட்டது. இந்த வரியை அழகாகத் திருத்தி எழுதலாம், சோதனைகள் எழுதிச் சேர்க்கலாம், வேகத்தைக் கூட்டலாம். அந்த 'இல்லை' அங்கேயே இருக்கும். மோசமான நிரலே கடன் என்று நினைப்பவர்கள் கண்ணில் படாத கடன் இதுதான்.

குழந்தைகள் விஷயம் தனி. பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது, முதற்பெயர் கட்டாயம். ஆகவே உலகத்து மருத்துவமனைகள் பலவற்றைப் போல இங்கேயும் 'பேபி' என்று முதற்பெயர், தாயின் பெயர் கடைசிப் பெயர். இரட்டைக் குழந்தைகள் என்றால் பேபி ஒன்று, பேபி இரண்டு. ஒரே வார்டில் ஒரே இரவில் செல்வி என்ற பெயருடைய தாயர் இருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், பச்சிளங் குழந்தைகளைத் தனித்து அடையாளம் காட்டும் பெயரிடல் முறை வேண்டும் என்று 2019இலிருந்து வலியுறுத்துகிறது. நம் சட்டம் இதில் மென்பொருளைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது என்பதுதான் எங்களை வியக்கவைத்தது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்ய இடம் கொடுக்கிறது. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், விதிகளின்படி 15 ஆண்டுகள்வரை அவகாசம் உண்டு. பெயர் வருமுன்னே ஆள் வந்துவிடுவார் என்று அந்தச் சட்டத்தை வரைந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அட்டவணைக்குத் தெரியவில்லை. தடுப்பூசிக் குறிப்புகள் பேபியின் பெயரில் கிடக்க, பள்ளியில் சேரும் வயதில் ஓர் ஆதித்யனோ யாழினியோ புதிய நோயாளியாக வந்து நிற்பார்கள்.

பிறகு 2021இல் தமிழ்நாடு அரசு, தமிழில் பெயர் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. மருத்துவமனை நிர்வாகமும் சீட்டுகளில் தமிழ்ப் பெயரை அச்சிட விரும்பியது. நடுப்பெயருக்கு ஓர் எழுத்து இடம் என்று சொன்னோம் அல்லவா, அங்கேதான் தலைப்பெழுத்தை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எஸ் என்பது ஓர் எழுத்து. தமிழில் சுப்பிரமணியனின் மகனுக்குச் 'சு'. தமிழ் கற்ற எவருக்கும் அது ஓர் எழுத்துதான். கணினிக்கு அது இரண்டு: ச என்ற எழுத்தும் உகரக் குறியும். ஓரிடத்தில் இரண்டு அடங்காதாகையால் குறி வெட்டுண்டு ச மட்டும் நின்றது. சுப்பிரமணியன், செல்வராஜ், சிவகாமி எல்லாரும் ச ஆனார்கள். சீட்டைக் கையில் வாங்கிய ஒரு தமிழாசிரியர், தம் தந்தையின் பெயர் சண்முகம் அல்ல, சேதுராமன் என்று மேசையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் மென்பொருளின் கடன் அங்கே அதைவிடப் பெரிய கடனொன்றில் போய் முட்டியது. யூனிகோடில் தமிழ் 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதற்கு அடிப்படை இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி குறியேற்றம். அதன் எழுத்து வரிசை தேவநாகரியைத் தழுவியது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் கவுக்கும் ஙவுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. நம்மிடம் இல்லாத வல்லோசைகளுக்காக விட்டவை. னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்திருக்கிறது, மெய்வரிசையின் இறுதியில் அல்ல. நம் இலக்கணத்தில் க் என்ற மெய்யே முதல். அதனோடு அகரம் சேர்ந்தால் க. யூனிகோடில் க முதல். அதன்மேல் புள்ளி வைத்தால் க். கருத்துநிலையில் தலைகீழ். 'தமிழ்' என்ற சொல்லை எண்ணச் சொன்னால் பள்ளிப் பிள்ளை மூன்று என்பான், குறியெண்களை எண்ணும் நிரல் ஐந்து என்னும். குறியெண்களை அப்படியே வைத்து வரிசைப்படுத்தினால் 'அகம்' முன்னே வந்து 'அக்கா' பின்னே போகும். 'நன்றி' முன்னும் 'நம்பி' பின்னும் நிற்கும். நம் அகராதிகளில் இவை நேர்மாறு.

இதைச் சொன்னவுடன் சதி என்று கிளம்புகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பல மொழிகளுக்கு ஒரே அச்சு என்பது, ஓர் எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாற்றலாம் என்ற நன்மையைக் கருதி அன்றைய புரிதலில் எடுத்த முடிவு. கன்னிங்ஹாம் சொன்ன பொருளில் அது நியாயமான கடன். திருப்ப முடியாமல் போனதுதான் சிக்கல்: ஒருமுறை இடம் பெற்ற குறியை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது யூனிகோடின் நிலைத்தன்மைக் கொள்கை. அந்தக் கொள்கையும் சரியே. இல்லையென்றால் நேற்று எழுதியதை இன்று படிக்க முடியாது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ் என்னும் 16 பிட்டுக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு மாற்று வழியாக அறிவித்தது. எனினும் உலகம் யூனிகோடில் எழுதிக் குவித்துவிட்டிருந்தது. இன்று முறையான வரிசையாக்க விதிகளைப் பயன்படுத்தினால் அக்காவும் அகமும் தத்தம் இடத்தில் நிற்கும். எழுத்தை எழுத்தாக எண்ணும் வழிகளும் உண்டு. அந்த விதிகளை ஒவ்வொரு நிரலாளரும் தேடிப் பொருத்த வேண்டியிருப்பதுதான் வட்டி. முதலைக் கட்ட முடியாத கடனில் வட்டி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் போகும்; கிராமத்துக்காரர்களுக்குப் பழகிய விஷயம்.

எங்கள் கடனாவது அடைக்கக்கூடியதாக இருந்தது. எரிக் எவன்ஸ் 2003இல் வெளியிட்ட துறைவழி வடிவமைப்பு பற்றிய நூலில், துறையினரும் நிரலாளரும் ஒரே மொழியைப் பேச வேண்டும், அந்த மொழியே நிரலிலும் இருக்க வேண்டும் என்கிறார். நாங்கள் அந்த நூலை மேசையில் வைத்துவிட்டு அக்காவிடம் போனோம். அவரிடம் ஒரு நீளநோட்டு இருந்தது, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தாமே எழுதிவைத்தது. அதில் 'கணினிக்குச் சொல்லும் பேர்', 'வீட்டில் கூப்பிடும் பேர்', 'ரேஷன் கார்டுப் பேர்' என்று தனித்தனிப் பத்திகள். 'கூட வந்தவர்' என்று ஒன்று. அதற்குக் கீழே 'கையெழுத்துப் போடக்கூடியவர்' என்று வேறொன்று. கூட வந்தவரெல்லாம் கையெழுத்துப் போட முடியாது என்ற வேறுபாடு எங்கள் அட்டவணைகளில் எங்கும் இல்லை. இறந்த தந்தையின் பெயருக்கு நேரே சிறு சிலுவைக் குறியோ 'லேட்' என்றோ போட்டிருப்பார். கடிதங்களில் திரு என்று தொடங்கிக் கடைசிப் பெயரை அச்சிடும் வழக்கம் அந்த மென்பொருளுக்கு இருந்தது. காலமானவரின் பெயருக்குத் திரு போட்டு அவர் வீட்டுக்கே கடிதம் போகக் கூடாதென்று, அத்தகைய நோயாளிகளின் கடிதங்களை அக்கா தனியே எடுத்துக் கையால் முகவரி எழுதி அனுப்பியிருக்கிறார். எத்தனை ஆண்டுகள் என்று கேட்டோம். சிரித்தார்.

அந்த நோட்டுதான் மாதிரி. நாங்கள் செய்ததெல்லாம் அதை அட்டவணைகளாகப் பெயர்த்தது. ஆள் என்று ஒன்று, அதற்கு மாறாத எண். பெயர் என்று வேறொன்று. ஓர் ஆளுக்குப் பல பெயர்கள், ஒவ்வொன்றும் எங்கே வழங்குகிறது, எப்போதிலிருந்து என்ற குறிப்போடு. பெயரே இல்லாத ஆளும் உண்டு. உறவு என்று ஒன்று: தந்தை, கணவர், கூட வந்தவர், கையெழுத்துப் போடக்கூடியவர். ஒவ்வாமைக்கு மூன்று விடைகள்: உண்டு, இல்லை, கேட்கவில்லை. எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வராது. நிறைவேற்ற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காலம் பிடித்தது நிரலால் அல்ல. பழைய பதிவுகளில் எந்த இருவர் ஒருவர் என்று தீர்மானிப்பதற்குக் கணினி உதவலாம், முடிவு சொல்ல முடியாது. தவறாக இணைத்துவிட்டால் பிரிந்திருப்பதைவிட ஆபத்து. ஒருவரின் இரத்த வகை இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே ஐயத்துக்குரிய ஒவ்வோர் இணையையும், அந்த ஆள் அடுத்த முறை நேரில் வரும்போது கேட்டுத்தான் இணைப்பது என்று முடிவாயிற்று. நிர்வாகத்தைச் சம்மதிக்கவைப்பது அதைவிடக் கடினம். திரையில் புதிதாக எதுவும் தோன்றாத ஒரு வேலைக்கு ஏன் பணம் என்று கேட்டார்கள். கடன் என்ற உருவகம் அங்கே பயன்படவில்லை. மருத்துவமனைக்கு வங்கிக் கடன் இருந்தது. அதை எப்படித் தள்ளிப்போடுவது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பென்சிலின் பதிவுகள் இரண்டையும் தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அன்று மாலையே ஒப்புதல் வந்தது.

அக்கா இடையில் ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வாமைக் கட்டத்தில் 'கேட்கவில்லை' என்று இருப்பதைப் பார்த்து, தணிக்கைக்கு வந்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். முன்பெல்லாம் அறிக்கை முழுமையாக இருந்ததே என்றார்கள். குழந்தைகளுக்கு இப்போது பேபி என்று பெயர் இல்லை. தாயோடு உறவுக் கோடு இருக்கிறது, பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நிரலாளர்கள் அந்த வெறுமையைப் பார்த்து அங்கே ஏதாவது பிழைச் செய்தி போட வேண்டாமா என்று கேட்கிறார்கள். நீளநோட்டின் ஒளிநகலை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம்.

கடைசிப் பெயர் என்ற புலம் மட்டும் இன்னும் போகவில்லை. நோயாளி அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனால் நாங்கள் கோப்பு அனுப்பும் காப்பீட்டு நிறுவனங்களின் படிவத்தில் அது இருக்கிறது, கட்டாயம் என்ற குறியோடு. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் என்ன அனுப்புவது என்று கேட்டு எழுதினோம். எதையாவது நிரப்பி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஒரு புள்ளி வைத்து அனுப்புகிறோம்.